பிளாட்பாரத்தில் குடும்பங்கள்: தெருக்காரர்கள் எதைக் கேட்பது? ஐந்து வழிகளின் ஒப்பீடு

வடசென்னையில் எங்கள் தெருவின் குடியிருப்போர் நலச்சங்கத்தில் ஆறு வருடம் செயலாளராக இருந்தேன். அந்த ஆறு வருடமும் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்த பேச்சு ஒன்றுதான். "பிளாட்பாரத்துல குடும்பம் குடும்பமா இருக்காங்களே, ஏதாவது பண்ணுங்க சார்." என்ன பண்ணுவது என்பதில்தான் சண்டை. மனு கொடுத்துக் காலி செய்ய வைக்கலாம் என்பார் ஒருவர். பாவம், எங்கே போவார்கள் என்பார் அடுத்தவர். ஊருக்கு வெளியே கண்ணகி நகரில் அரசு வீடு கொடுக்கிறதே, அங்கே போக வேண்டியதுதானே என்பார் இன்னொருவர். கூட்டம் கலையும், எதுவும் நடக்காது. இப்போது பக்கத்துச் சங்கங்களிலிருந்தும் இதே கேள்வியோடு வருகிறார்கள். அவர்களுக்காக ஒவ்வொரு வழியையும் எடைபோட்டு எழுதியது இது.

தெருக்காரர்களின் எரிச்சலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நடைபாதை முழுக்கத் தார்ப்பாய் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் முழங்கால் வலிக்காரர்களும் பஸ் ஓடுகிற ரோட்டில் இறங்கித்தான் நடக்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் மூத்திர நாற்றம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாரோ குடித்துவிட்டுச் சண்டை போடுவார்கள். வரி கட்டுகிறோம், புகார் கொடுத்தால் ஒரு துறை இன்னொரு துறையைக் கைகாட்டுகிறது என்கிற ஆத்திரம் உண்மையானது. அதே ஆத்திரம் பிளாட்பாரத்தில் இருப்பவர்களுக்கும் உண்டு. "மூணு தபா வந்து பேர் எழுதிக்கினு போனாங்க சார், ஒண்ணும் வரல" என்று எங்கள் தெருமுனை ஆயா என்னிடம் சொன்னார்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் நான்கு கேள்விகள் வைத்துக்கொள்கிறேன். ஒரு வருடம் கழித்துப் பார்த்தாலும் நடைபாதை நடப்பதற்கு இருக்குமா? அந்தக் குடும்பத்தின் பிழைப்பும் பிள்ளைகளின் படிப்பும் மிஞ்சுமா? கோர்ட்டுக்குப் போனால் நிற்குமா? செலவு எவ்வளவு, அதில் கணக்கில் எழுதாத செலவு யார் தலையில் விழுகிறது?

"எவ்வளவு சீக்கிரம்" என்ற கேள்வியை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். பெரும்பாலான சங்கங்கள் அதைத்தான் முதலில் வைக்கின்றன. நாங்களும் அப்படித்தான் வைத்தோம். அதனால் என்ன ஆனது என்று கீழே சொல்கிறேன்.

## அதற்கு முன்னால், அங்கே இருப்பது யார்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த வழியையும் பேச முடியாது. "வீடற்றோர்" என்று ஒரே சொல்லில் அடக்கினாலும் உள்ளே நான்கைந்து விதமான ஆட்கள் இருக்கிறார்கள்.

யானைகவுனி, வால்டாக்ஸ் ரோடு, பெரியமேடு, ராயபுரம், பிராட்வே பக்கம் இருப்பவர்களில் பலர் மூன்று தலைமுறையாகப் பிளாட்பாரத்தில் வாழும் குடும்பங்கள். துறைமுகம், சென்ட்ரல் ஸ்டேஷன், பாரிமுனை மொத்தக் கடைகள், கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தை என்று மூட்டை தூக்கும் வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் அங்கே தங்கினார்கள். 1996-ல் காய்கறி மொத்தச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. வேலை குறைந்தாலும் குடும்பங்கள் அங்கேயே இருந்துவிட்டன. இன்று மீன்பாடி வண்டி (மூன்று சக்கரச் சரக்கு வண்டி) ஓட்டுகிறார்கள், பூ கட்டுகிறார்கள், நம் வீடுகளிலேயே பாத்திரம் தேய்க்கிறார்கள்.

இவர்களைத் தவிர, ஊரிலிருந்து வேலைக்கு வந்து ராத்திரி மட்டும் படுக்கிற தனி ஆண்கள் உண்டு. பிள்ளைகள் கைவிட்ட வயதானவர்கள் உண்டு. மனநலம் குன்றி அலைபவர்கள் உண்டு. அரசு மருத்துவமனை வாசல்களில் நோயாளிக்குத் துணையாக வந்து வாரக்கணக்கில் பிளாட்பாரத்தில் படுப்பவர்கள் உண்டு. நாடு முழுக்க வீடில்லாதவர்கள் 17.7 லட்சம் பேர் என்கிறது 2011 கணக்கெடுப்பு. அந்த எண்ணுக்குள் இப்படிப் பல விதமானவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் தெருமுனை ஆயா காலை ஐந்து மணிக்குத் தார்ப்பாயைச் சுருட்டி மதில் சுவர் ஆணியில் கட்டிவிடுவார். கீழே ஒரு நீல டிரம், இரண்டு குடம், ஒரு தகரப் பெட்டி. ஒரு நாள் பெட்டியைத் திறந்து காட்டினார். புடவைக்கு அடியில் ஜவுளிக்கடைப் பை. அதற்குள் ஆதார், ரேஷன் கார்டு, பேத்தியின் பிறப்புச் சான்றிதழ், வாக்காளர் அட்டை. அட்டையில் எங்கள் தெருவின் பெயர்தான் இருந்தது. வீடில்லாதவர் வாக்காளராகப் பதிவதற்கு முகவரிச் சான்று கேட்கக் கூடாது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்த்து எழுத வேண்டும். அப்படி எழுதி வாங்கிய அட்டை அது. அந்தப் பையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

## வழி 1: மனு கொடுத்துக் காலி செய்ய வைப்பது

இதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. கையெழுத்து வாங்கி மனு கொடுத்தால் சில சமயம் வேகமாகவே வேலை நடக்கும். எங்கள் சங்கமும் ஒருமுறை கொடுத்தது. அந்த மனுவில் என் கையெழுத்தும் இருக்கிறது.

ஒரு காலை லாரி வந்தது. டிரம், ஸ்டவ், பாய், ஒரு பையனின் ஸ்கூல் பேக் எல்லாம் ஏறிப் போயின. அன்று மதியம் நடைபாதை வெறிச்சென்று இருந்தது. நாங்கள் நிம்மதியாகத்தான் இருந்தோம். இரண்டு வாரத்தில் பாதிப் பேர் திரும்பினார்கள். மீதிப் பேர் இரண்டு தெரு தள்ளி இருந்தார்கள்.

அதற்கடுத்த வருடம் வீட்டு ஒதுக்கீட்டுக்காகக் கணக்கெடுக்க வந்தார்கள். இடத்தில் ஆள் இருக்க வேண்டும், கைரேகை பதிய வேண்டும், அட்டை காட்ட வேண்டும். லாரியோடு அட்டைகளைத் தொலைத்த இரண்டு குடும்பமும், அடுத்த வார்டுக்குச் சிதறிய மூன்று குடும்பமும் பட்டியலில் வரவில்லை. பட்டியலில் வந்தவர்களில் நான்கு குடும்பம் பின்னால் வீடு கிடைத்துப் போய்விட்டது. வராதவர்கள் இன்றும் எங்கள் பிளாட்பாரத்தில்தான் இருக்கிறார்கள். அந்த மனுவால் நாங்கள் எங்கள் தெருப் பிரச்சினையைச் சில வருடம் நீட்டித்துக்கொண்டோம். எனக்கு இது புரிய நாளானது: ஒரு குடும்பம் பிளாட்பாரத்தை விட்டு நிரந்தரமாகப் போக வேண்டுமானால், பட்டியலில் பெயர் ஏறி வீடு கைக்கு வரும்வரை அது கலையாமல் அங்கேயே இருக்க வேண்டும்.

சட்டத்தில் நிற்குமா? 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. பொது நடைபாதையை ஆக்கிரமித்துக்கொள்ளும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் பிழைக்கும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்லும் வாழும் உரிமையின் பகுதி. எனவே முன்னறிவிப்பும் பதில் சொல்ல வாய்ப்பும் கொடுத்துத்தான் அகற்ற வேண்டும். அதே சமயத்தில் சென்னை நடைபாதை, குடிசைவாசிகளுக்காக, பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான கே. சந்துரு தொடுத்த வழக்கும் வந்தது. அதில் தமிழக அரசின் மாற்று ஏற்பாடுகளை நம்புவதாக நீதிமன்றம் சொன்னது. ஆக, விடிகாலை லாரி சட்டப்படி பலவீனமான வழி.

தெருவில் பூந்தொட்டி வரிசை வைப்பது, மேம்பாலத்துக்கு அடியில் இரும்பு வேலி போடுவது எல்லாம் இதே வழியின் இன்னொரு உருவம். தொட்டி வைத்த நடைபாதையில் நமக்கும் நடக்க இடம் இருக்காது.

இது சரியான வழியாக இருக்கும் இடமும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத வளைவில் வண்டி ஏறும் அபாயத்தோடு படுத்திருப்பவர்கள், மின்பெட்டியை ஒட்டிக் குழந்தைகளோடு இருப்பவர்கள், மழைக்கு முன் வடிகால் தோண்டும் இடத்தில் இருப்பவர்கள். இவர்களை நகர்த்தியே ஆக வேண்டும். ஆனால் எங்கே என்று எழுதிக் கேளுங்கள். அதே வார்டுக்குள் கேளுங்கள்.

## வழி 2: மாநகராட்சிக் காப்பகம்

ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2010-ல் வலியுறுத்திய அளவு. 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதி, ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி என்றது. விரிவாக்கப்பட்ட சென்னைக்கு 2011 கணக்குப்படி சுமார் 67 லட்சம் மக்கள். அப்படியானால் 67 காப்பகம் வேண்டும். இருப்பது அதைவிடக் குறைவு. தொண்டு நிறுவனங்கள் வழியாக மாநகராட்சி நடத்தும் இவற்றில் தங்க இலவசம்.

தனியாக இருக்கும் முதியவர், கணவனை விட்டு வந்த பெண், வேலை தேடி வந்த இளைஞன், மருத்துவமனைக்குத் துணை வந்தவர் ஆகியோருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைத்தால் தகவல் பதிவாகும். சென்னைக் காவல்துறை 2021-ல் தொடங்கிய காவல் கரங்கள் அமைப்பும் ஆதரவற்றவர்களை மீட்டுக் காப்பகத்தில் சேர்க்கிறது. எங்கள் பஸ் ஸ்டாப்பில் நாலு மாதம் கிடந்த ஒரு பெரியவர் அப்படித்தான் போனார். இரண்டு வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். முடி வெட்டி, சட்டை மாற்றி, கேரம் போர்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

குடும்பங்களுக்கு இது பொருந்தாது. காப்பகங்கள் பெரும்பாலும் ஆண், பெண், சிறுவர் என்று பிரிந்திருக்கின்றன. அப்பா ஓர் இடம், அம்மாவும் பெண் குழந்தையும் ஓர் இடம், பதினைந்து வயதுப் பையன் மூன்றாவது இடம். எந்தக் குடும்பம் இதற்குச் சம்மதிக்கும்? மீன்பாடி வண்டியை நிறுத்த அங்கே இடமில்லை. வெளியே விட்டால் காலையில் வண்டி இருக்காது. வண்டி போனால் பிழைப்பும் போச்சு. "இலவசமாக இடம் கொடுத்தாலும் போக மாட்டேன் என்கிறார்கள்" என்று நம் கூட்டங்களில் கோபமாகச் சொல்கிறோமே, காரணம் பெரும்பாலும் இதுதான்.

கணக்கில் வராத இன்னொரு விஷயமும் உண்டு. காப்பகம் எங்காவது ஒரு தெருவில்தான் இருக்க வேண்டும். "எங்கள் தெருவில் வேண்டாம்" என்று மனு கொடுப்பதும் பெரும்பாலும் நலச்சங்கங்கள்தான். பிளாட்பாரமும் கூடாது, காப்பகமும் கூடாது என்று நாமே கேட்டால் அதிகாரி என்ன செய்வார்? உங்கள் வார்டில் பயன்படாமல் கிடக்கும் மாநகராட்சிக் கட்டடம் இருந்தால், அதைக் குடும்பங்கள் தங்கும் காப்பகமாக மாற்றச் சொல்லி நீங்களே கேளுங்கள். அந்த மனுவின் எடை தனி.

## வழி 3: ஊருக்கு வெளியே வீடு

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். இவற்றைக் கட்டியது 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம். 2021 முதல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். ஆரம்ப காலத்தில் அது ஊருக்குள்ளேயே, குடிசை இருந்த மண்ணிலேயே மாடிக் குடியிருப்புகள் கட்டியது. 2000-க்குப் பிறகு பெரும்பாலும் தெற்கு ஓரத்துக்குப் போய்விட்டது. கண்ணகி நகரில் 15,000-க்கு மேல், பெரும்பாக்கத்தில் 20,000-க்கு மேல் வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே கொண்டுபோகப்பட்டன.

இதன் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. கான்கிரீட் கூரை, பூட்டுப் போடக் கதவு, உள்ளேயே கழிப்பறை. பெண் பிள்ளையை நடுவில் படுக்க வைத்து இரண்டு பக்கமும் விழித்துக் கிடந்த தாய்க்கு அந்தத் தாழ்ப்பாள் என்னவென்று நமக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டும். தெருக்காரர்கள் கண்ணோட்டத்தில் பிளாட்பாரமும் ஒரே நாளில் காலியாகிறது.

தூரம்தான் விலை. எங்கள் தெருவிலிருந்து போன நான்கு குடும்பத்தில் ஓர் அம்மாவுக்குக் காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிற வேலை. விடிவதற்கு முன்பே ஏலம் நடக்கும். இருட்டோடு அங்கே நிற்க வேண்டும். பெரும்பாக்கத்திலிருந்து காசிமேட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர், அந்த நேரத்தில் பஸ் கிடையாது. 2021 மே முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் ஓடாத பஸ்ஸில் இலவசமாகவும் போக முடியாது. மூன்று மாதம் முயன்றார். பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு வாரத்தில் ஐந்து நாள் இங்கேயே, பழைய இடத்துக்கு எதிர்ப்புறம், தங்கையின் தார்ப்பாய்க்குள் படுக்கிறார். அரசு கணக்கில் அவர் வீடு பெற்றவர். எங்கள் நடைபாதையில் அவர் இன்னும் இருக்கிறார்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் கஷ்டம். வருட நடுவில் மாற்றினால் பள்ளி மாற வேண்டும், புதுப் பள்ளியில் இடம் வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் மாறிய பையன் பத்தாம் வகுப்பு எழுதினானா என்று யாரும் பதிவேட்டில் குறிப்பதில்லை. எட்டு அடுக்குக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதானால் மூட்டு வலிக்காரர் வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். இடம் மாறியவர்களுக்கு ஒரு வருடம் மாதம் 2,500 ரூபாய் வாழ்வாதார உதவித்தொகை உண்டு. அதற்குள் பக்கத்தில் வேலை கிடைத்தால் பிழைத்தார்கள்.

இது பொருந்தும் குடும்பமும் இருக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் வீட்டு வேலையோ, காவலாளி வேலையோ, தூய்மை வேலையோ ஏற்கெனவே கிடைத்தவர்கள், அல்லது உறவினர்கள் அங்கே குடியேறிவிட்டவர்கள். அவர்களே கேட்டு வாங்கிப் போவார்கள். ஏப்ரல், மே விடுமுறையில் போனால் பிள்ளைகளுக்கு அடி குறைவு.

## வழி 4: அருகிலேயே வீடு

நான்கு கேள்விக்கும் நல்ல பதில் தருவது இந்த வழிதான். அதே சமயம் மிக மெதுவானதும் இதுதான்.

ஊருக்குள் இருக்கிற பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்து உயரமாகக் கட்டுகிறார்கள். சுமார் 400 சதுர அடி வீடுகள். சில இடங்களில் முன்பைவிடக் கூடுதல் வீடுகள் வருகின்றன. அந்தக் கூடுதல் வீடுகளில் அதே மண்டலத்து நடைபாதைக் குடும்பங்களுக்குப் பங்கு வேண்டும் என்று கேட்கலாம். இது நடக்காத காரியம் என்பார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்க வந்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதற்குப் பிறகு, அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு தரப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பக்கத்திலேயே கொடுக்க முடியும் என்று அரசே சொன்னது. அதைச் சொல்ல வைக்க ஓர் உயிர் போக வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

இதிலும் மறைந்த செலவு உண்டு. பயனாளி பங்குத்தொகை என்று ஒன்று கட்ட வேண்டும். நமக்கு அது சின்னத் தொகையாகத் தெரியலாம். தினக்கூலிக் குடும்பம் அதற்கு வட்டிக்கு வாங்கினால், இரண்டே வருடத்தில் வீட்டை உள்வாடகைக்கு விட்டுவிட்டு மறுபடி பிளாட்பாரத்துக்கு வந்துவிடும். தவணையாகவோ, வங்கிக் கடனாகவோ, சங்கத்தின் உதவியாகவோ அதை முன்கூட்டியே தீர்க்க வேண்டும். கட்டட உறுதியையும் கவனிக்க வேண்டும். 2021-ல் புளியந்தோப்பு கே.பி. பார்க் வாரியக் குடியிருப்பில் புதுச் சுவரின் பூச்சு கையோடு உதிர்ந்து வந்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம்.

வாடகை வீடு இன்னொரு கிளை. நிரந்தர வருமானம் உள்ள சில பிளாட்பாரக் குடும்பங்களால் மாத வாடகை கட்ட முடியும். தடையாக நிற்பது அட்வான்ஸ். ஒற்றை அறைக்கு 5,000 ரூபாய் வாடகை என்றால் பத்து மாத அட்வான்ஸ் 50,000. தினம் சம்பாதித்துத் தினம் செலவழிக்கிறவர் கையில் அது சேராது, பிளாட்பாரத்தில் பணத்தைச் சேர்த்து வைக்கவும் முடியாது. எங்கள் தெருவில் கேமரா மாட்ட வீட்டுக்கு 1,500 வசூலித்தோம். அந்தப் பணத்தில் இரண்டு குடும்பத்துக்கு அட்வான்ஸ் கட்டியிருக்கலாம். பின்னால் உண்மையாகவே ஒரு குடும்பத்துக்குக் கட்டினோம். பணத்தைவிடக் கஷ்டம் வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பதுதான். "பிளாட்பாரத்து ஆளுங்களுக்கு வீடு கிடையாது" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். ஏழாவது வீட்டில், சங்கத்துத் தலைவர் ஜாமீன் நின்ற பிறகுதான் சாவி கிடைத்தது. மூன்று வருடமாக வாடகை பாக்கி இல்லை.

பின்லாந்தில் 2008 முதல் இதே யோசனையைத்தான் நாட்டுக் கொள்கையாகச் செய்தார்கள். படுக்கை விடுதிகளைத் தனித்தனி வீடுகளாக மாற்றி, முதலில் சாவியைக் கொடுத்துவிட்டு மற்ற உதவியைப் பிறகு பார்த்தார்கள். அங்கே தெருவில் இருப்பவர் எண்ணிக்கை நன்றாகவே குறைந்தது. நம் ஊர்க் கூட்டமும் பணமும் வேறு. ஆனாலும் சாவி முதலில் என்கிற வரிசை இங்கேயும் செல்லும் என்று நான் நம்புகிறேன்.

## வழி 5: வீடு வரும்வரை இருக்கும் இடத்தில் வசதி

தெருக்காரர்கள் அதிகம் எதிர்ப்பது இதைத்தான். "கழிப்பறை கட்டிக்கொடுத்தால் நிரந்தரமாக உட்கார்ந்துவிடுவார்கள்" என்பார்கள். கழிப்பறை இல்லாமலேயே மூன்று தலைமுறை இருந்தவர்கள் இவர்கள்.

நாற்றத்தின் கணக்கைப் பாருங்கள். பக்கத்துக் கட்டணக் கழிப்பறையில் தலைக்கு 5 ரூபாய் கேட்டால், ஐந்து பேர் குடும்பம் நாளைக்கு மூன்று முறை போக 75 ரூபாய், மாதம் 2,250. அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய் என்பதால் காலைச் சாப்பாட்டைவிட இது பெரிய செலவு. அதனால் ஆண்கள் சுவரோரம் போகிறார்கள். பெண்கள் இருட்டும்வரை அடக்கி வைத்துக்கொண்டு, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். இலவசக் கழிப்பறை இருந்தாலும் ராத்திரி பத்து மணிக்குப் பூட்டிவிட்டால் பத்துக்குப் பிறகு சுவர்தான்.

எங்கள் தெருவில் நாற்றம் பாதியானது லாரி வந்தபோது இல்லை. பக்கத்துத் தெருக் கழிப்பறையை இரவிலும் திறந்து வைக்க ஆள் போட்ட பிறகுதான். அப்புறம் ஒரு தெருக்குழாய், தார்ப்பாய்களை மதில் பக்கம் ஒட்டிக் கட்டி நடக்க நாலடி விடுவது என்று பேசி ஓர் ஒப்பந்தம். ஆயாதான் மற்றவர்களைச் சம்மதிக்க வைத்தார். இதற்கு எந்தத் துறை அனுமதியும் தேவைப்படவில்லை. உட்கார்ந்து பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவைப்பட்டது.

இதன் பலவீனம், இதோடு நின்றுவிடும் அபாயம். நாற்றம் போனதும் தெருக்காரர்கள் அமைதியாகிவிடுவார்கள், கோப்பும் தூங்கிவிடும். மழை வந்தால் தார்ப்பாய் தார்ப்பாய்தான். எனவே வழி 4-க்கான மனுவோடு சேர்த்துத்தான் இதைக் கேட்க வேண்டும், தனியாகக் கேட்கக் கூடாது.

## மனநலம் குன்றியவர்களுக்குத் தனி வழி

இவர்களை மற்றவர்களோடு சேர்த்து எடைபோடாதீர்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவுப்படி, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் அலைகிற மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது அந்தக் காவல் நிலைய அதிகாரியின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. புகார் கொடுக்கும்போது இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள், பதில் மாறும்.

சென்னையில் 1993-ல் தொடங்கிய பேன்யன் அமைப்பு தெருவில் அலைந்த பெண்களை மீட்டுச் சிகிச்சை தருவதில் முன்னோடி. குணமான பிறகும் வீட்டார் ஏற்காத பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து சாதாரணத் தெருக்களில் வாடகை வீட்டில் வாழும் ஏற்பாட்டையும் அவர்கள் செய்கிறார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு கேட்டு வந்தால் கொடுங்கள்.

## யாருக்கு எது

| பிளாட்பாரத்தில் இருப்பவர் | முதலில் பார்க்க வேண்டியது | செய்யக் கூடாதது |
|---|---|---|
| தலைமுறையாக இருக்கும் குடும்பம் | வழி 5 உடனே, வழி 4 மனுவில் | கணக்கெடுப்புக்கு முன் கலைப்பது |
| தெற்கு ஓரத்தில் வேலையோ உறவோ உள்ள குடும்பம் | வழி 3, கோடை விடுமுறையில் | பள்ளி வருடத்தின் நடுவில் மாற்றுவது |
| தனி ஆண், தனிப் பெண், முதியவர் | வழி 2 | தொலைதூர வீடு |
| நோயாளியின் துணை | மருத்துவமனை அருகிலுள்ள காப்பகம் | விரட்டுவது |
| மனநலம் குன்றியவர் | 100-ஆம் பிரிவுப்படி சிகிச்சை | பொதுக் காப்பகத்தில் விடுவது |
| ஆபத்தான இடத்தில் படுப்பவர் | அதே வார்டில் மாற்றிடம் | அடுத்த மழைவரை தள்ளிப்போடுவது |

தனியாக அலையும் குழந்தை என்றால் இந்த அட்டவணையெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே குழந்தைகள் உதவி எண் 1098.

## மனுவில் என்ன எழுதுவது

எங்கள் பழைய மனுவில் ஒரே வரிதான் இருந்தது: ஆக்கிரமிப்பை அகற்றவும். இப்போது கொடுத்திருக்கும் மனுவோடு எங்கள் பிளாட்பாரத்தில் இருக்கும் ஏழு குடும்பத்தின் பட்டியல் இருக்கிறது. அவர்களே சொல்லி எழுதியது. எத்தனை வருடமாக, என்ன வேலை, பிள்ளைகள் எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு, எந்த அட்டை இருக்கிறது, எது தொலைந்தது. அதற்குக் கீழே மூன்று கோரிக்கை. ஒதுக்கீடு முடியும்வரை யாரையும் கலைக்கக் கூடாது. மண்டலத்துக்குள் வீடு வேண்டும். கழிப்பறை இரவிலும் திறந்திருக்க வேண்டும். அடியில் தெருக்காரர்களின் கையெழுத்தும், அந்த ஏழு குடும்பத்தின் கையெழுத்தும் கைரேகையும் ஒரே தாளில்.

கவுன்சிலரிடம் ஒரு நகல், மண்டல அலுவலகத்தில் ஒரு நகல் கொடுத்து ஒப்புகை வாங்கி வைத்திருக்கிறோம். ஏரியா சபை (வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூட்டம்) கூடும்போது வாசித்துத் தீர்மானமாகப் பதியச் சொல்லப் போகிறோம். ஆயாவின் ஜவுளிக்கடைப் பை இப்போது எங்கள் சங்க அலமாரியில் இருக்கிறது. மழைக்காலம் முடியும்வரை நனையாமல் இருக்கட்டும் என்று அவரே கொண்டுவந்து கொடுத்தார். மற்ற ஆறு குடும்பத்தின் அட்டைகளையும் நகலெடுத்து அதோடு வைத்திருக்கிறோம்.